பிரேக்கில் யாருமில்லாத நொடி

பல்லடம் கடைவீதியைக் கடந்து வண்டி உடுமலை ரோட்டுக்குத் திரும்புகிற வரைக்கும் மயிலாத்தாள் தன் மூச்சையே எண்ணிக்கொண்டு வந்தாள். திரும்பியதும் எண்ணிக்கை தப்பிப்போயிற்று. கீழே, புருசனுடைய முழங்காலுக்கும் பிரேக் மிதிக்கும் நடுவில் எங்கேயோ, டிக் என்று ஒரு சத்தம். ஒரே ஒரு தடவை. கல்லாக இருக்கும், சக்கரத்தில் பட்டுத் தெறித்திருக்கும், இருபத்தாறு வருசத்து மாருதி என்றால் நாலு சத்தம் வரத்தான் செய்யும், இதை முன்னால் வைத்திருந்த வாத்தியார் மழையிலும் வெயிலிலும் வேப்பமரத்தடியிலேயே போட்டு வைத்திருந்தார், கதவைத் திறந்தாலே முனகும். ஆனால் அது முனகல். இது டிக். இரும்பு இரும்பின் மேல் நகர்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்கா தெரியாது, முப்பது வருசம் தறிச் சத்தத்துக்குள் வாழ்ந்தவளுக்கு. ஆறு தறியும் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும், அவள் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருப்பாள், "ஏனுங்க, நாலாவதுல என்னமோ பேசுது" என்பாள். சென்னியப்பன் போய்ப் பார்த்தால் நாலாவதில் ஒரு நட்டு தளர்ந்திருக்கும். "இவளுக்கு இருக்கறது காதே இல்ல, மிசின்" என்று தறிக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். இப்போது அந்தக் காது வேண்டாம் என்றிருந்தது. ஜன்னலை இறக்கிவிட்டாள். காற்று வந்து சத்தங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும் என்று நினைத்தாள், கோழிப்பண்ணை நாற்றந்தான் உள்ளே வந்தது. "என்ன, பேச்சையே காணோம்?" என்றார் அவர். "ஒண்ணுமில்லீங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்க." "பாத்துத்தான் ஓட்டுறேன். நீதான் ரோட்டப் பாக்காம என்ற காலையே பாத்துட்டு வர்றே."

காலைப் பார்க்கவில்லை. காலுக்கு அடியில் இருந்ததைப் பார்த்தாள். அது இங்கிருந்து தெரியாது, மிதிக்குப் பின்னால், இருட்டில், பிரேக் மிதியைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கிற இரும்புப் பட்டை, அதில் இரண்டு போல்ட்டு, வலது பக்கத்துப் போல்ட்டைப் பற்றிப் பிரச்சினை இல்லை, இடது பக்கத்துப் போல்ட்டு, வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். அவருடைய வலது கால் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே முடிந்துவிடும். பேண்ட்டின் அந்தப் பக்கத்தை மடித்து ஊக்குக் குத்தியது அவள்தான். செயற்கைக் கால் பின் சீட்டில், சீர்த்தட்டுக்கும் பழப்பைக்கும் பக்கத்தில், துண்டில் சுற்றிப் படுத்திருந்தது. அதை மாட்டிக்கொண்டு ஓட்டினால் மிதிகளில் முட்டுகிறது, போய் இறங்கும்போது மாட்டிக்கொள்ளலாம் என்றுவிட்டார். ஆகவே வலது காலின் வேலையெல்லாம் இப்போது இடது கைக்கு. ஸ்டியரிங்குக்கு இடது பக்கமாக, கொஞ்சம் தாழ, ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. முன்னால் தள்ளினால் பிரேக். தன் பக்கம் இழுத்தால் ஆக்ஸிலேட்டர். கம்பி, பழைய இரும்புக்குப் போட்ட தறிகளில் ஒன்றிலிருந்து எடுத்து வைத்திருந்தது. கைப்பிடி ரப்பர், மகன் தினகரன் பள்ளிக்கூடம் போன சைக்கிளில் இருந்தது. ஆக்ஸிலேட்டரை இழுக்கிற ஒயர் மொபெட்டினுடையது. கோயமுத்தூரில் இதைத் தயாராகவே விற்கிறார்கள், இரண்டு ஆள் வந்து அரை நாளில் மாட்டிக் கொடுப்பார்களாம், விலையைக் கேட்டுவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். "அஞ்சு கிலோ இரும்பு. அதுக்கு இத்தனையா?" அன்றைக்கே ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்தார். அவர் பென்சிலைக் கையில் எடுத்து ஒரு வருசம் ஆகியிருந்தது. அடுப்படி வாசலில் நின்று அவள் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள், பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல்.

மறுபடியும். டிக். இல்லை, இது வேறு, இது பின்னால், தட்டு நகர்ந்திருக்கும். முன்னால் போன லாரி வேகத்தைக் குறைக்க அவரும் கம்பியை முன்னால் தள்ளினார், வண்டி அமர்ந்தது, நல்லபிள்ளையாகத்தான் அமர்ந்தது, அப்புறம் அவருடைய கை கம்பியை விட்டுவிட்டுக் கியருக்குப் போயிற்று. இதுதான். இந்த இடந்தான். இடது கைதான் பிரேக், இடது கைதான் கியர், கியரை மாற்றுகிற அந்த ஒரு நொடி பிரேக்கில் யாருமே இல்லை. வாசலில் ஓட்டிப் பார்த்தபோது இதைச் சொன்னாள். "ஆபத்துன்னா இடது கால் இருக்குதல்லோ, அதுல மிதிச்சுக்குவேன்" என்றார். சரி என்றுதான் பட்டது. முந்தாநாள் அதையும் பார்த்துவிடலாம் என்று தறிக்கூடத்து வாசலில் வண்டி மெதுவாக வந்துகொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் டிரம்மைக் குறுக்கே உருட்டிவிட்டாள். என்ன நடந்தது? அவருடைய வலது தொடை எகிறி முன்னால் பாய்ந்தது. மடித்து ஊக்குக் குத்திய பேண்ட் துணி காற்றில் ஒரு உதை உதைத்தது. அதற்குப் பிறகுதான் கை. டிரம் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது, வண்டியும் நின்றது, எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. "நின்னுருச்சா இல்லியா?" என்றார். நின்றுவிட்டதுங்க. கால் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது, அவசரத்துக்கு அவர் கூப்பிடுவது இன்னும் அந்தக் காலைத்தான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? அவருக்கே தெரியுமோ என்னவோ. அவளுடைய வலது கை, முந்தானைக்கு அடியில், இருவருக்கும் நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக்கின் மேல் ஊர்ந்து போய் உட்கார்ந்தது. "கைய எடு புள்ள" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே. "எதுத்தாப்புல வர்றவன் பாத்தா சிரிப்பான்." எடுத்துக்கொண்டாள். சேலையில் துடைத்துக்கொண்டாள். உள்ளங்கை நனைந்திருந்தது.

சிரிப்பான். அந்த ஒரு சொல்தான் இவரை இந்த வண்டிக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தது. மாசியில் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு வாடகைக் காரில் போனார்கள். மண்டபத்துக்கு முன்னால் கார் நின்றதும் டிரைவரும் அண்ணன் மகனும் ஆளுக்கொரு பக்கம் கக்கத்தில் கை கொடுத்து, நெல் மூட்டையை இறக்குகிற மாதிரி, ஹோய் என்று ஒரு சத்தம் வேறு போட்டு, அவரைத் தூக்கி வெளியே வைத்தார்கள். வேட்டி நழுவிவிட்டது. சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை, அவள் பார்த்தாள், ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவருக்கு அது சிரிப்பைவிட மோசமாக இருந்திருக்க வேண்டும். சாப்பிடாமலே திரும்பினார்கள். "இனி என்னை எவனும் தொட்டுத் தூக்கக் கூடாது. என்ற வண்டியில, நானே ஓட்டிட்டுப் போனா ஒறம்பரை, சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறேன். இல்லீனா இல்ல." அப்புறம் இரண்டு மாதம் வாசற்படி தாண்டவில்லை. தினகரன் ஓசூரிலிருந்து வாரம் ஒரு தடவை போனில் "அப்பா எப்படி இருக்காரு" என்பான், "நல்லாருக்காரு சாமி" என்பாள். நல்லாருக்காரு. நல்லாத்தான் இருக்காரு. பொய் சொல்லப் பழகிய வாய்க்கு இன்னொரு பொய் பெரிய பாரமில்லை. இன்றைக்குக் குடிமங்கலத்தில் அவருடைய தங்கை விசாலாட்சி பேரனுக்குக் காதுகுத்து. பத்து நாளாக அவருக்குத் தூக்கமில்லை, குழந்தை மாதிரி. காலையில் வெள்ளைச் சட்டை, மீசைக்கு மை, முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டுக்கொண்டார். அந்தப் பவுடர் இப்போது காதோரம் வேர்வையில் கோடு விட்டிருந்தது. வேர்க்கிறதே, அவருக்கும் பயமா? இல்லை, வெயில். அவர் முகத்தில் பயம் எங்கே இருக்கிறது, வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டல்லவா ஓட்டுகிறார்.

டிக். இந்தத் தடவை ஐயமே இல்லை. கீழேதான். அது அந்தப் போல்ட்டாக இருந்தால்? அவரால் கீழே குனிய முடியாது, ஆகவே அடியில் செய்ய வேண்டிய வேலையெல்லாம் அவளுக்கு வந்தது. அவர் வெளியே முக்காலியில் உட்கார்ந்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அவள் டிரைவர் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, மல்லாந்து, தலையை மிதிகளுக்கு நடுவில் விட்டுக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயசில், நைட்டிக்கு மேல் அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு. "பதிமூணு ஸ்பேனர எடு." "எடுத்தாச்சுங்க." "அழுந்தப் பிடி. அது உன்ற அப்பன் ஊட்டு நாத்துமுடி இல்ல." அந்த நாட்கள் நன்றாக இருந்தன. முப்பது வருசத்தில் அவர் அவளிடம் அவ்வளவு பேசியதில்லை. பட்டைக்கு இரண்டு போல்ட்டும் கெட்டி ரகம், அதற்கென்று சொல்லி வாங்கி வந்தது, "இதுதான் உசிரு, இது நல்லாப் பிடிச்சிருந்தா உலகமே இடிஞ்சாலும் வண்டி நிக்கும்" என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். புதன்கிழமை. வலதுபக்கம் போட்டாள். இடது பக்கத்துப் போல்ட்டை எண்ணெய்க் கையோடு எடுத்தாள், வழுக்கியது, வண்டிக்கு வெளியே விழுந்து சாக்கடைப் பொந்துப் பக்கம் உருண்டது. அப்போது அவர் போனில் இருந்தார், விசாலாட்சியுடன், "நாங்களே ஓட்டிட்டு வந்தர்றோம், நீ காரு கீரு அனுப்பாதே" என்று சத்தமாக. அவள் தேடினாள். குச்சி விட்டுக் கிளறினாள். கிடைக்கவில்லை. சொல்லியிருக்கலாம். சொன்னால் கத்துவார், கத்திவிட்டுப் போகட்டும், ஆனால் மறுபடியும் கடைக்குப் போய், அது கிடைக்காமல் ஞாயிற்றுக்கிழமை தாண்டிவிட்டால்? போனில் பேசிக்கொண்டிருந்த அந்தக் குரல் இறங்கிவிடுமே. தறிச் சாமான் கிடக்கிற பிஸ்கட் டப்பாவைக் கொட்டினாள். அதே கனம், அதே நீளம், சாதாரணத் தறிப் போல்ட்டு ஒன்று. அதைப் போட்டு, ஒரு வாஷருக்கு இரண்டு வாஷர் வைத்து முடுக்கினாள். "போட்டியா?" என்றார் முக்காலியிலிருந்து. "போட்டாச்சுங்க." "ரெண்டும்?" "ரெண்டும் போட்டாச்சுங்க."

போட்டாச்சுங்க. அந்தச் சொல்லை அவள் நான்கு நாளாக மென்றுகொண்டிருக்கிறாள். பொய்யும் இல்லை, போடத்தான் போட்டாள். இதே மாதிரி இன்னொரு சொல் இருக்கிறது, அதைப் பற்றி நினைக்கவே மாட்டாள், இது வந்தால் அதுவும் கூடவே வந்துவிடுகிறது, ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு ஆடு மாதிரி. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்தான் என்றார்கள். சர்க்கரைப் புண், இரண்டு விரலை எடுத்துவிட்டால் தீர்ந்தது. அவரும் "ரெண்டு வெரலுதானே, போனாப் போகுது" என்று சிரித்துக்கொண்டுதான் உள்ளே போனார். மத்தியானம் மூன்று மணி இருக்கும், டாக்டர் வெளியே வந்தார், விசம் மேலே ஏறிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், யோசிக்க நேரமில்லை, கையெழுத்துப் போடுங்கம்மா. அவள் போட்டாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தப் பேனா நன்றாகக்கூட எழுதவில்லை, உதறி உதறிப் போட்டாள், மயிலாத்தாள், மூன்று தடவை, மூன்று தாளில். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தவர் கேட்டார், "ரெண்டு வெரலுதானே?" அவள் சொன்னாள், "ஆமாங்க. தூங்குங்க." என்னத்துக்கு அப்படிச் சொன்னாள்? தூங்கட்டும் என்றுதான். காலையில் அவரே கையை விட்டுப் போர்வைக்கு அடியில் தடவிப் பார்த்துக்கொண்டார். அவள் அப்போது காப்பி வாங்கப் போயிருந்தாள். டம்ளரோடு உள்ளே வந்தவளை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், ஒரு வார்த்தை கேட்கவில்லை, இன்று வரைக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். காப்பியை வாங்கிக் குடித்தார். "சர்க்கரை போட்டிருக்குதா?" "இல்லீங்க." அதுதான் அன்றைக்குப் பேசியது.

கேத்தனூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் காற்றாடிகள் வந்துவிட்டன. மேட்டுக்காடு முழுக்க வெள்ளையாக நெட்டுக்குத்தலாக நின்று மூன்று கையையும் சுழற்றிக்கொண்டிருந்தன, ஒன்று வேகமாக, ஒன்று சோம்பலாக, ஒன்று நின்றுபோய். நின்றதற்கு என்ன கேடோ. அவ்வளவு உயரத்தில் அந்தக் கைகளையும் எவனோ போல்ட்டுப் போட்டுத்தான் மாட்டியிருப்பான், அவன் எப்படி ராத்திரி தூங்குகிறான். வண்டி நாற்பதில் போனது. குடிமங்கலம் போனதும் சொல்லிவிடுவது. இல்லை, விருந்து முடிந்து திரும்பி வந்து, வீட்டில் வைத்துச் சொல்வது. இல்லை, சொல்லவே வேண்டாம், நாளைக்கு நல்ல போல்ட்டு வாங்கி அவர் தூங்குகிறபோது மாற்றிவிட்டால் ஆயிற்று, யாருக்குத் தெரியப் போகிறது. இன்னும் பதினைந்து கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை, ரோட்டில் கூட்டமில்லை. போலீசு நின்றால்? ஆர்டிஓ ஆபீசில் வண்டியைக் காட்டி எழுதி வாங்க வேண்டும், அடுத்த மாதம் போலாம் என்கிறார், காட்டுகிற அன்றைக்கு அவர்கள் குனிந்து பார்ப்பார்கள், பார்த்துவிட்டு இது யார் போட்டது என்று கேட்பார்கள், அவர் மீசையைத் தடவிக்கொண்டு நானும் என்ற சம்சாரமும் என்பார். போலீசு நின்றால்கூட நல்லதுதான். நிறுத்தச் சொல்வான். அப்படியாவது நிற்குமே. எதிரில் ஒரு பஸ் காற்றை அறைந்துவிட்டுப் போனது. தென்னந்தோப்புக்குள்ளிருந்து ஒரு கன்றுக்குட்டி, கயிறு அறுந்து கழுத்தில் தொங்க, வாலைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தது.

அவருடைய கை அப்போது கியரில் இருந்தது. அவள் அதைத்தான் முதலில் பார்த்தாள். பிரேக்கில் யாருமில்லை. வலது தொடை எகிறியது, துணி உதறியது, போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று நினைத்தாள், நினைத்து முடிப்பதற்குள் கை வந்துவிட்டது, அவர் உடம்பே அந்தக் கம்பியின் மேல் சாய்ந்த மாதிரி முன்னால் தள்ளினார், டயர் கத்தியது, பழப்பை பின்னால் கவிழ்ந்து ஆரஞ்சுப் பழங்கள் உருண்டன. வண்டி உதறி அணைந்து நின்றது. கன்றுக்குட்டி வண்டியின் மூக்குக்கு நேராக, இரண்டு முழம் தள்ளி, இவர்களை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் இறங்கிப் போயிற்று. அவளுடைய வலது கை ஹேண்ட் பிரேக்கைத் தொடவே இல்லை. மடியில் கிடந்த பையைப் பிடித்துக்கொண்டு இருந்தது. இத்தனை நாளாய்க் காவல் காத்த கை. "பாத்தியா!" என்றார் சென்னியப்பன். "பாத்தியா புள்ள, நின்னுருச்சு பாரு! கோந்து போட்டு ஒட்டுன மாதிரி! எவன் செஞ்சது? அஞ்சு கிலோ இரும்பு!" ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து அவள் பார்த்து எத்தனை நாளாயிற்று. வண்டியைக் கிளப்பினார். கிளப்பியதும், கம்பியைத் தன் பக்கம் இழுத்ததும், கீழே சத்தம் கேட்டது. டிக், டிக். இப்போது இரண்டு. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "இனி பழனி என்ன, திருச்செந்தூரே போலாம். தீவாளிக்குத் தினகரன் ஊட்டுக்கு நாமளே போயிரலாம், என்னுங்கறே?" ஓசூர் போகிற வழியிலிருக்கிற மலைப்பாதையெல்லாம் அவளுக்குக் கண்ணில் வந்துபோயிற்று, இறக்கம், லாரிகள், தறிப் போல்ட்டு.

"நிறுத்துங்க."

"எதுக்கு?"

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க மாமா. ஒரு மரத்தடி பாத்து."

புளியமரம் ஒன்றின் அடியில் ஓரம் கட்டினார். வாந்தி வருகிறதா என்று கேட்டார். அவள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், ஒரே மூச்சில், இடையில் நிறுத்தினால் முடியாது என்று தெரிந்த மாதிரி. "நீங்க குடுத்த போல்ட்ட நான் சாக்கடையில போட்டுட்டனுங்க. இடது பக்கம் இருக்கறது அது இல்ல. தறிப் போல்ட்டு. டப்பாவுல கெடந்தது. போட்டாச்சுன்னு சொல்லிட்டேன்."

கத்தப் போகிறார் என்று காத்திருந்தாள். கத்தவில்லை. ஒரு மொபெட் இரண்டு பால் கேனோடு கடந்து போயிற்று.

"புதன்கிழமையா?"

"ஆமாங்க."

"நாலு நாளு." அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "ஸ்பேனர் பின்னால இருக்குது. எறங்கிப் போய்ப் பாரு."

அவள் சுற்றி வந்து அவர் பக்கக் கதவைத் திறந்தாள். பட்டுச்சேலையோடு ரோட்டோரத்து மண்ணில் முட்டி போட்டு, அவருடைய ஒற்றைக் காலுக்குப் பக்கத்தில் தலையை உள்ளே விட்டாள். ஆரஞ்சு வாசனை, எண்ணெய் வாசனை, அவர் போட்டிருந்த பவுடர் வாசனை. விரலால் தடவித் தடவிப் பட்டையைக் கண்டுபிடித்தாள். இடது பக்கம். ஸ்பேனரை மாட்டி ஒரு இழு இழுத்தாள். அசையவில்லை. இன்னொரு தடவை, மூச்சைப் பிடித்துக்கொண்டு. கடைவாய்ப் பல் மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது. வலது பக்கமும் அப்படியே. அப்போது என்ன டிக்? எது டிக்? கையைக் கம்பி வழியாகவே மேலே கொண்டுபோனாள், ஒவ்வொரு முடிச்சாக, மேலே, கம்பி நின்று ஆடுகிற அச்சு வரைக்கும். அந்த அச்சில் இருந்த நட்டு அவள் விரல் பட்டதும் சுழன்றது. ஸ்பேனர் வேண்டியிருக்கவில்லை. வெறும் விரலுக்கே சுழன்றது, பாட்டில் மூடி மாதிரி, இன்னும் மூன்று சுற்றுச் சுற்றினால் கையோடு வந்துவிடும். அது அவர் போட்டது. மொத்த வேலையிலும் உட்கார்ந்தபடியே எட்டுகிற இடம் அது ஒன்றுதான். "இத நான் போடறேன், நீ தள்ளு" என்று அவரே சீட்டில் ஏறி உட்கார்ந்து முடுக்கியது. முடுக்கிவிட்டுச் சட்டையில் கை துடைத்துக்கொண்டபோது அவர் முகம் எப்படி இருந்தது.

"என்ன ஆச்சு? உன்னது லூசா?" என்றார் மேலேயிருந்து.

ஆமாங்க என்று சொல்லிவிடலாம். அவரே எடுத்துக் கையில் கொடுக்கிற மாதிரி இருந்தது அந்தக் கேள்வி. ஸ்பேனரால் இரண்டு இழு, தீர்ந்தது, ஆமாங்க, என்னதுதான் லூசு, இப்ப இறுக்கிட்டேன், அவர் நாலு திட்டுத் திட்டிவிட்டுப் பாட்டை விட்ட இடத்திலிருந்து முனக ஆரம்பிப்பார், வெள்ளைச் சட்டையும் மையிட்ட மீசையுமாகத் தங்கை வீட்டு வாசலில் போய் நிற்பார். வாய் அதற்குள் திறந்தேவிட்டது. ஆமாங்க. தூங்குங்க. அப்படியே தூங்கட்டும் இவர், திருச்செந்தூர் வரைக்கும், ஓசூர் வரைக்கும், ஒவ்வொரு தடவையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு, கேட்டதையெல்லாம் தனக்குள் போட்டு மூடிக்கொண்டு. தலையை வெளியே எடுத்தாள். நெற்றியில் கறுப்பாக எண்ணெய் அப்பியிருந்தது.

"என்னது நல்லாருக்குதுங்க. அசையவே இல்ல. மேல, நீங்க போட்டதுதான். வெறுங்கையிலயே சுத்துது."

"எது, அச்சா?"

"ஆமாங்க."

அவர் நம்பவில்லை. குனிந்து, ஸ்டியரிங்கில் மார்பு அழுந்த, தானே கையை விட்டுப் பார்த்தார். அவருடைய தோள்பட்டை ஒரு தடவை அசைந்தது, இன்னொரு தடவை அசைந்தது, அப்படியே நின்றுவிட்டது. நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இருபது வயசு கூடின மாதிரி இருந்தார். முப்பது வருசம் ஊர்த் தறியெல்லாம் பூட்டிக் கொடுத்த கை. அதை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு பார்த்தார். சொல்லாமல் இருந்திருக்கலாமோ. மன்னிப்புக் கேட்கலாமா, எதற்கு என்று கேட்பது, நட்டு அவருடையது, என்ற கையிலயும்தான் நழுவிச்சு என்று சொல்லலாமா. முட்டியில் குத்திய கல்லோடு அப்படியே இருந்தாள்.

"கன்னுக்குட்டி வந்தப்போ" என்றார் அவர், "அப்ப இது இப்படித்தான் இருந்திருக்குது."

"ஆமாங்க."

"இன்னொரு மூணு சுத்து."

"ஆமாங்க."

"ஸ்பேனரக் குடு." கொடுத்தாள். அவரே மாட்டி முடுக்கினார், பல்லைக் கடித்துக்கொண்டு, முடிகிற வரைக்கும். பிறகு ஸ்பேனரை அவளிடம் நீட்டினார். "நீ ஒரு தடவ இழு." அவள் இழுத்தாள். கால் சுற்றுப் போயிற்று, கடைசியில் நின்றது. "இனி நீ போட்டத நான் பாக்கறேன்" என்றார். அதற்கு வழியில்லை, அவரால் அவ்வளவு கீழே எட்டாது. அவள் அவருடைய கையைப் பிடித்துக் கம்பிக்குப் பக்கமாகக் கீழே கொண்டுபோய், கதவை ஒட்டி அவர் ஒருக்களித்துச் சாய, தோளில் அவர் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, அந்தத் தறிப் போல்ட்டின் தலையில் அவர் விரலை வைத்தாள். அவர் தடவிப் பார்த்தார். "ரெண்டு வாசரா?" "ரெண்டு போட்டேனுங்க." "ம்" என்றார். "ஊட்டுக்குப் போனதும் மாத்திரோணும்." போன் அடித்தது. விசாலாட்சியாகத்தான் இருக்கும். அடித்து ஓய்ந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று அவர் கேட்பார் என்று நினைத்தாள், கேட்டால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

"பயமா இருக்குது புள்ள" என்றார் சென்னியப்பன்.

கால் போன அன்றைக்கும் அவர் அதைச் சொன்னதில்லை. பயப்படாதீங்க, நான் இருக்கறேன், ஒண்ணும் ஆகாது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்த எல்லாவற்றையும் அவள் விழுங்கினாள்.

"எனக்குந்தானுங்க" என்றாள். "நீங்க கியர் மாத்தறப்ப பிரேக்குல கையே இல்ல. அத நெனச்சா எனக்கு ஈரக்கொல நடுங்குது."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கியரைப் பார்த்தார், பிறகு அவர்கள் இருவருக்கும் நடுவிலிருந்த இடத்தைப் பார்த்தார், காலண்டரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே அந்த மாதிரி. "ஏறு" என்றார். அவள் மண்ணைத் தட்டிவிட்டுச் சுற்றி வந்து ஏறினாள். "உன்ற கைய அந்தக் கியரு மேல வையி. நான் கிளச்ச மிதிச்சிட்டுச் சொல்லுவேன். சொன்னா மட்டும் மாத்து. நான் கம்பிய விடறதில்ல." "எனக்குத் தெரியாதுங்க." "நாலு நாளா என்ற கையையே பாத்துட்டு இருந்தியல்லோ, என்ன தெரியாது? ஒண்ணு முன்னால. ரெண்டு பின்னால." அவள் கையை வைத்தாள். கியர்க் குமிழ் வெயிலில் சுட்டது. அவர் சாவியைத் திருகினார், இடது காலை அழுத்தினார், "ஒண்ணு" என்றார். தள்ளினாள். போயிற்று. வண்டி புளியமரத்து நிழலை விட்டு மெதுவாக ரோட்டில் ஏறியது. கீழே சத்தமில்லை, இருந்தாலும் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு." இழுத்தாள். கர்ர் என்று பற்சக்கரங்கள் ஒன்றை ஒன்று கடித்தன, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிற்று, "மெதுவா, மெதுவா, அது மாடு இல்ல" என்று அவர் கத்தினார், "நீங்க சரியா மிதிங்க மொதல்ல" என்று அவளும் கத்தினாள், பின்னால் பழங்கள் உருண்டன. அப்புறம் எப்படியோ ரெண்டாவது கியர் விழுந்துவிட்டது.